பள்ளிச் சீட்டில் ‘இடது கண் 6/24’: டிவி நன்றாகத்தானே பார்க்கிறாள்?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. பள்ளியில் நடந்த மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு, ‘வலது கண் 6/6, இடது கண் 6/24, கண் மருத்துவரிடம் காட்டவும்’ என்று சீட்டு வந்திருக்கிறது. இரண்டு வாரம் புத்தகப் பையிலேயே கிடந்ததை நேற்றுதான் பார்த்தேன். படிக்கிறாள், டிவி பார்க்கிறாள், ஒரு குறையும் சொன்னதில்லை. ஒரே நாளில் பள்ளி முழுவதையும் பார்த்துவிடும் பரிசோதனையை நம்பலாமா? இப்போதே கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகிவிடும் என்கிறார் என் மாமியார்.

பதில்: முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மகளைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, இடது கண்ணை மூடி சுவரில் எதையாவது படிக்கச் சொல்லுங்கள். பிறகு வலது கண்ணை மூடுங்கள். மூடுவது உங்கள் கையாக இருக்கட்டும். பிள்ளைகள் விரலிடுக்கில் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். நல்ல கண்ணான வலது கண்ணை மூடியதும் கையைத் தட்டிவிடலாம், சிணுங்கலாம், அல்லது தலையைத் திருப்பலாம். அப்படிச் செய்தால் சீட்டு சொல்வது அநேகமாகச் சரி. செய்யாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

டிவி பார்ப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதை வலது கண் பார்த்துக்கொள்கிறது. பிறந்ததிலிருந்து உலகம் அவளுக்கு இப்படித்தான் தெரிகிறது என்றால், குறை என்று சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது?

6/24 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 24 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை அவள் 6 மீட்டரில் நின்றால்தான் படிக்கிறாள் என்று அர்த்தம். ஒரு கண்ணில் மட்டும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் மருத்துவர்களான நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ‘சோம்பேறிக் கண்’. பெயர்தான் அப்படி, கண் மேல் தப்பில்லை. பெரும்பாலும் இரண்டு கண்ணின் பவரும் வேறுவேறாக இருக்கும். ஒன்றிலிருந்து தெளிவான படமும் மற்றதிலிருந்து மங்கலான படமும் வந்தால், மூளை மங்கலானதை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் கண்ணால் பார்க்கவே கற்றுக்கொள்ளாமல் போகிறது. ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். பிறகும் முயலலாம், ஆனால் பாடு அதிகம்.

பள்ளிப் பரிசோதனை தவறலாம், உண்மைதான். வரிசையில் முன்னால் நிற்கும் பிள்ளை படிப்பதைக் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் போன பையனை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கவனியுங்கள், அது குறை இருந்தும் ‘நார்மல்’ என்று தப்பிய கதை. உங்களுக்கு வந்திருப்பதோ ‘காட்டவும்’ என்ற சீட்டு. அது தவறாக இருந்தால் உங்களுக்கு நஷ்டம் அரை நாள்தான்.

மாமியார் சொல்வது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. கண்ணாடியால் கண் கெடாது. பவர் கூடுவது பெரும்பாலும் பிள்ளையோடு கண்ணும் வளர்வதால். சோம்பேறிக் கண்ணில் முதல் சிகிச்சையே கண்ணாடிதான்; சிலருக்கு அதுவே போதும். இல்லாவிட்டால் நல்ல கண்ணை மூடி ‘பேட்ச்’ ஒட்டுவோம். 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், மிதமான குறைபாட்டுக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டியதும் 6 மணி நேரம் ஒட்டியதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. அப்படியானால் மாலையில் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம், வகுப்பில் கேலிக்கு இடமில்லை.

பள்ளிக்கும் திரும்பத் தகவல் போக வேண்டும். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைக்கிறாளா என்று பார்க்க ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. சொல்லப்போனால், ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி எதையும் பல பெற்றோர் பள்ளிப் படிவத்தில் எழுதுவதில்லை, பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். மூச்சுத் திணறும்போது பக்கத்தில் இருக்கப்போவது நீங்களல்ல, ஆசிரியர். தயங்காமல் எழுதுங்கள்.

தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள்; இது குடும்பத்தில் தொடரக்கூடியது. சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பவரைச் சரியாக அளக்கச் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள். அதற்கப்புறம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும். மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ, சில நாட்களோ நீடிக்கலாம். அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம். மற்றபடி இந்த வாரமே போய்விடுங்கள்.