பில்லோ டாக் பேலட்: மாநிறத்துல சாம்பல் பூக்குதுன்னா?

பில்லோ டாக் ஐஷேடோ பேலட்டை (கண் இமைல பூசற நிறங்கள் இருக்கற டப்பா) வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு வாங்காதீங்க. ஷார்லட் டில்பரிங்கற மேக்கப் பிராண்டோட அந்த பேலட்ல இருக்கறதே நாலு நிறம், மொத்தம் 5.2 கிராம். வெளிர் ரோஸ் நிறம் உங்க மாநிறத்துல சாம்பல் பூத்த மாதிரி தெரியுதுன்னு சொல்றீங்க. அப்போ மிச்ச நிறங்களுக்காக முழு விலை கொடுக்கணும்.

வெளிர் நிறம் வர்றதுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு மாதிரி வெள்ளை நிறமி சேர்ப்பாங்க. பெரும்பாலும் அதுதான் காரணம். விலை கூடினாலும் அந்த வெள்ளை போயிடாது.

ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாருங்க. கடைல மணிக்கட்டோட உள்பக்கம் தடவிப் பார்த்திருந்தா அது கணக்கே இல்ல, அங்க தோல் வெளுப்பா இருக்கும். புறங்கைல, விரல் மூட்டுக்குப் பக்கத்துல கன்சீலர் (கருவளையம், கறையை மறைக்கத் தடவற தோல் நிற க்ரீம்) கொஞ்சம் தடவி, அதுக்கு மேல நிறத்தைப் போடுங்க. பக்கத்துலயே கன்சீலர் இல்லாம ஒரு கோடு. கடை விளக்கை நம்பாம வாசலுக்கு வந்து வெயில்ல பாருங்க, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு மறுபடியும் பாருங்க. கன்சீலர் மேல போட்ட கோடு மட்டும் ரோஸாவே நின்னா, தாராளமா வாங்கலாம்.

கடைல தடவிப் பார்க்க வச்சிருக்கற டெஸ்டரை நேரா கண்ணுல மட்டும் வைக்காதீங்க, எத்தனையோ பேர் விரல் பட்டது. லென்ஸ் போடறவங்கன்னா மினுக்குத் துகள் உதிருதான்னும் கவனிங்க.