ஒரே கட்டுரை, இரண்டு ஜர்னல்: எம்.டி. படிக்கும் மகளுக்காகக் கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

உங்கள் மகள் எம்.டி. இரண்டாம் ஆண்டு. தீசிஸிலிருந்து எழுதிய கட்டுரையை ஒரு மருத்துவ ஜர்னலுக்கு அனுப்பி ஐந்து மாதமாகப் பதில் இல்லை. "ரெண்டு மூணு இடத்துக்குப் போட்டு வை, எது முதல்ல எடுக்குதோ அதுல வரட்டும்" என்று சீனியர் சொன்னதைக் கேட்டு, போன வாரம் இன்னொரு ஜர்னலுக்கும் அனுப்பிவிட்டார். அப்புறம்தான் பயம் வந்திருக்கிறது. "அவள் உழைப்பு, அவள் எழுத்து. யாருடையதையும் திருடவில்லையே, இதில் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டில் எதுவும் இன்னும் அச்சாகவில்லை. அதனால் இதைச் சரிசெய்ய முடியும், வழியைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காரணம் புரியாமல் சரிசெய்தால் அடுத்த கட்டுரையிலும் இதேதான் நடக்கும்.

வாந்திக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் ஒண்டான்செட்ரான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எமிசெட் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்தியை அது எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க, அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஒரு குழு சேர்த்து அலசியது. 84 ஆய்வுகள், மருந்து எடுத்துக்கொண்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. முழுக் கட்டுரைகளில் 17 சதவீதமும், நோயாளிகளின் தரவில் 28 சதவீதமும் ஏற்கெனவே வேறு இடத்தில் வந்தவை. மருந்து நன்றாக வேலை செய்தது என்று காட்டிய ஆய்வுகள்தான் அதிகமாக இரண்டாம் முறை அச்சேறியிருந்தன. இந்த இரட்டைக் கணக்கைச் சேர்த்தால் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

ஒரே நோயாளியை இரண்டு பேராக எண்ணினால் வருவது இதுதான். எங்கோ ஒரு டாக்டர் அந்தக் கணக்கை நம்பித்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். கட்டுரை உங்கள் மகளுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதிலுள்ள எண்கள் வார்டில் படுத்திருந்தவர்களுடையவை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அந்த நோயாளியை ஒரு தடவைதான் எண்ண வேண்டும்.

"இரண்டாவது ஜர்னல் எடுத்தால் முதலில் இருப்பதைத் திரும்ப வாங்கிக்கொள்வாள், இரண்டு முறை வராதே" என்று நீங்கள் சொல்லலாம். முதல் ஜர்னலில் இரண்டு மூன்று பேராசிரியர்கள் தங்கள் ஓ.பி. வேலைக்கு நடுவே, சம்பளம் வாங்காமல், அந்தக் கட்டுரையை உட்கார்ந்து படித்திருப்பார்கள். அந்த உழைப்பு வீண். தவிர, ஒரு சிறு துறையில் இப்படிப் படித்துக் கருத்துச் சொல்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டு ஜர்னலும் ஒரே ஆளிடம் கட்டுரையைக் கொடுத்துவிட்டால் அன்றே தெரிந்துவிடும். இன்னொன்று, அனுப்பும்போது "இது வேறெங்கும் பரிசீலனையில் இல்லை" என்ற உறுதிமொழிக்கு உங்கள் மகள் சம்மதம் கொடுத்திருப்பார். இப்போது அது பொய்யாகி நிற்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

இரண்டு இடத்திலும் அச்சாகிவிட்டால் பெரும்பாலும் இரண்டாவதைத் திரும்பப் பெறுவார்கள். அந்த அறிவிப்பு அவர் பெயரோடு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தொகுப்பான பப்மெடில் நிலைத்துவிடும். 'டூப்ளிகேட் பப்ளிகேஷன்' என்று அங்கே தனி வகையே வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போனாலும் பெயரைத் தட்டினால் அது வரும்.

இதற்காக அவர் எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. மாநாட்டில் போஸ்டர் வைத்ததும், சுருக்கம் மட்டும் மாநாட்டு மலரில் வந்ததும் தடையில்லை. தீசிஸ் பல்கலைக்கழக இணையத் தொகுப்பில் இருப்பதையும் பெரும்பாலான ஜர்னல்கள் முன்வெளியீடாக எண்ணுவதில்லை. கவர் லெட்டரில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வந்ததை வேறு மொழியில் வெளியிடவும் வழி உண்டு. இரண்டு எடிட்டர்களின் சம்மதமும், முதலில் எங்கே வந்தது என்ற குறிப்பும் கட்டாயம் வேண்டும். ஒளித்தால்தான் தப்பு. ஒரே தீசிஸைத் துண்டு போட்டு மூன்று கட்டுரை ஆக்கும் யோசனையும் சீனியர்களிடமிருந்து வரும். உண்மையிலேயே வேறு கேள்விக்கு விடை தேடும் கட்டுரை என்றால் எழுதட்டும், முந்தையதைக் குறிப்பிட்டுவிட்டு. எண்ணிக்கைக்காக என்றால் வேண்டாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் தீசிஸுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம், அதாவது கைடிடம் சொல்ல வேண்டும். அவர் பெயரும் கட்டுரையில் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யக் கூடாது. திட்டு விழலாம், அதை வாங்கிக்கொள்வதுதான் நல்லது. ஒருவேளை கைடே "விடும்மா, எல்லாரும் செய்றதுதான்" என்றால் எதிர்த்துப் பேச வேண்டாம். "சார், வேற எங்கயும் அனுப்பலைன்னு உறுதி கொடுத்திருக்கோமே, எடிட்டர் கேட்டா என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்கட்டும். அநேகமாக அந்தக் கேள்வியிலேயே அவருக்கும் புரிந்துவிடும்.

பிறகு, போன வாரம் அனுப்பிய ஜர்னலிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். முதல் ஜர்னலில் அது வரிசையில் ஐந்து மாதம் நின்றிருக்கிறது, அந்த இடத்தை இழக்க வேண்டாம். திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும். வந்ததும் முதல் ஜர்னலின் எடிட்டருக்கு நடந்ததைச் சொல்லி, கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்கலாம். மருத்துவ எடிட்டர்கள் பின்பற்றும், வெளியீட்டு நெறிகளுக்கான கோப் (COPE) அமைப்பின் வழிமுறையில், மிக இளைய ஆய்வாளர் தெரியாமல் செய்திருந்தால் விதியை விளக்கி எழுதலாம் என்றே இருக்கிறது. தானாக முன்வந்து சொல்பவரிடம் எடிட்டர்கள் பொதுவாகக் கடுமை காட்டுவதில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதம் பதில் வராவிட்டால் அங்கிருந்தும் எழுத்தில் திரும்பப் பெற்றுவிட்டு, வேறு ஜர்னலைத் தேடலாம்.

மின்னஞ்சலில் பெரிய விளக்கம் தேவையில்லை. இந்த மாதிரி எழுதி, ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளட்டும்:

"மதிப்பிற்குரிய எடிட்டருக்கு, எங்கள் கட்டுரையை உங்களுக்கு அனுப்பியபோது அது இன்னொரு ஜர்னலின் பரிசீலனையில் இருந்தது. இது எங்கள் தவறு, வருந்துகிறோம். கட்டுரையைத் திரும்பப் பெற, அதை எழுதிய எல்லோரும் சம்மதிக்கிறோம். திரும்பப் பெறப்பட்டதை உறுதிசெய்து பதில் அனுப்ப வேண்டுகிறோம்."

கைடு பார்த்ததும் இன்றே அனுப்பச் சொல்லுங்கள். ஏதாவது ஜர்னல் "திரும்பப் பெறப் பணம் கட்டு" என்று மிரட்டினால், கட்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.