தலைகீழாகச் சுற்றும்போது கவலைப்பட வேண்டியது கழுத்தைப் பற்றி

ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: என் மகளுக்கு 9 வயது, உயரம் 127 சென்டிமீட்டர். ஜூன் விடுமுறையில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போனால் சைலான் ரோலர் கோஸ்டரில் ஏறியே தீருவேன் என்கிறாள். தலைகீழாகும்போது பூட்டு கழன்றுவிட்டால் என்ன ஆகும்? எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறது, அவளோடு நானும் ஏறலாமா?

மகள் ஏறலாம். நீங்கள் ஏறாதீர்கள், பக்கத்தில் உட்கார அவள் அப்பாவையோ சித்தப்பாவையோ அனுப்புங்கள்.

முதலில் விழுந்துவிடும் பயத்தைப் பார்ப்போம். ரயில் வளையத்தின் உச்சியில் இருக்கும்போதும் நேராகவே போகப் பார்க்கும், தண்டவாளம்தான் அதை வளைத்துக் கீழே திருப்புகிறது, அதனால் வேகம் போதுமான அளவு இருந்தால் நாம் இருக்கையோடு அழுந்தித்தான் இருப்போம். உச்சியில் வளைவின் ஆரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகமே இதற்குப் போதும். ஆனால் சைலானில் 5 முறை தலைகீழாகிறது, அதில் சில இடங்களில் எடையே இல்லாத மாதிரி இருக்கும், அங்கே நம்மைப் பிடித்து வைப்பது தோளுக்கு மேலிருந்து இறங்கும் பாதுகாப்புப் பட்டைதான். நவீன கோஸ்டர்களில் அதன் பூட்டு மின்சாரம் நின்றாலும் பூட்டியபடியே இருக்கும். சக்கரங்களும் தண்டவாளத்தை மேலே, பக்கவாட்டில், கீழே என மூன்று புறமும் கவ்வியிருக்கும். கேளிக்கைச் சவாரிகளுக்கென்று சிங்கப்பூரில் தனிச் சட்டமே இருக்கிறது, கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி இல்லாமல் எதையும் இயக்க முடியாது.

கழுத்து வேறு விஷயம். 1895-இல் நியூயார்க் கோனி ஐலண்டில் முழு வட்டமான வளையத்தோடு ஒரு கோஸ்டர் ஓடியது, அதில் போனவர்களுக்குக் கழுத்து அடிபட்டது. காரணம் எளிய கணக்குதான்: வளையம் சரியான வட்டமாக இருந்து, ரயில் உச்சியைத் தாண்டும் அளவுக்கு மட்டுமே வேகம் இருந்தாலும், கீழே நுழையும் இடத்தில் நம் எடை 6 மடங்காகத் தெரியும், அதுவும் சட்டென்று. தலையின் எடையும்தான்! 1976-இல் கலிபோர்னியாவில் திறந்த ரெவல்யூஷன் கோஸ்டரில் வளையத்தை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும், நீர்த்துளி மாதிரி அமைத்தார்கள். அப்புறம்தான் அழுத்தம் மெதுவாக ஏறி இறங்க ஆரம்பித்தது. இருந்தாலும் அழுத்தம் முழுக்கப் போய்விடவில்லை, ஆரோக்கியமான கழுத்து தாங்கும், தேய்ந்த எலும்புக்கு அது வேண்டாத சோதனை. பக்கத்திலேயே ஓடும் ஹியூமன் கோஸ்டர் தலைகீழாகாது, அதில் உட்காரலாமே என்று தோன்றும், ஆனால் அதுவும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, உங்களுக்கு அதுவும் வேண்டாம்.

மகளுக்குச் சொல்ல வேண்டியவை: தலையைப் பின்னால் இருக்கையில் நன்றாக அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவே கூடாது, பட்டையில் காது இடிப்பது பெரும்பாலும் அப்படித்தான். கண்ணைத் திறந்து முன்னால் பார்த்தால் தலைசுற்றல் குறையும், ஏனென்றால் காதின் உள்ளே உணரும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகும். சைலானில் கால் தொங்கும், அதனால் சிலிப்பர் வேண்டாம். பரோட்டா சாப்பிட்ட கையோடு ஏற விடாதீர்கள்.

உயர வரம்பு 125 சென்டிமீட்டர், மகளுக்கு இரண்டுதான் கூடுதல், வீட்டிலேயே காலணி இல்லாமல் ஒரு முறை அளந்துகொண்டு போங்கள். காலையிலேயே போவது நல்லது, மதியத்துக்கு மேல் இடி இடித்தால் வெளியில் ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றுபோனாலோ, வரிசையில் நிற்கும்போது அவளே தயங்கினாலோ, மம்மி சவாரிக்கு அப்பாவோடோ சித்தப்பாவோடோ அனுப்புங்கள். உள்ளரங்கு, இருட்டு, பின்னோக்கியும் ஓடும், தலைகீழாகாது, 122 சென்டிமீட்டர் இருந்தால் போதும்.