ராமர் காசுக்கு 12 லட்சம் தருகிறார்களாம்: பதிவுக் கட்டணம் கட்டலாமா?

கேள்வி: ஐயா, நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். போன மாதம் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்பவரிடம் 650 ரூபாய்க்கு ஒரு பித்தளை வெற்றிலைச் செல்லம் வாங்கினேன். உள்ளே ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவம் போட்ட பெரிய செப்புக் காசு ஒன்று கிடந்தது. பின்பக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று இருக்கிறது. முகநூலில் படம் போட்டதும் மும்பையிலிருந்து ஒருவர் அழைத்து, வெளிநாட்டுக்காரர் ஒருவர் 12 லட்சம் தருவார் என்றார். விண்ணப்பக் கட்டணம் 1,999 ரூபாய் அனுப்பிவிட்டேன். இப்போது ரிசர்வ் வங்கிப் பதிவுக்கு 18,500 ரூபாய் கேட்கிறார். என் மகன் கூடாது என்கிறான். கட்டலாமா? சுண்ணாம்பு அறையில் கறுத்துப்போன சின்னக் காசுகள் மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: கட்டாதீர்கள் அம்மா. உங்கள் மகன் சொல்வதுதான் சரி. இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, 1,999 ரூபாய் அனுப்பிய விவரத்தைச் சொல்லுங்கள். இணையக் குற்றப் பணமோசடிகளுக்கென்றே நாடு முழுவதற்கும் இருக்கும் எண் அது. பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண், அந்த ஆளின் வாட்ஸ்அப் உரையாடல், அவர் அனுப்பிய அடையாள அட்டைப் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். பணம் இன்னும் அவர்கள் கணக்கில் கிடந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு தேய்ந்துவிடும்.

ரிசர்வ் வங்கி யாருடைய பழைய காசையும் பதிவு செய்வதில்லை. பழைய காசு, நோட்டு வாங்குவது விற்பது எதிலும் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிவித்தது. அறிவித்து இத்தனை நாளாகியும், அதே வங்கியின் முத்திரையை ஒட்டிய போலி அட்டைகள் என் கைப்பேசிக்கு வாரத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டிருக்கின்றன. வாசகர்கள் அனுப்பி, இது உண்மையா என்று கேட்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளாகப் பழங்காசுகளோடு புழங்குகிறேன். இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே விதி: வாங்க வருகிறவன் பணத்தோடு வருவான். விற்கிறவரிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அவன் வாங்க வந்தவன் இல்லை. 18,500 கட்டினால் அடுத்து ஜி.எஸ்.டி. என்பார்கள். அதையும் கட்டினால் கூரியர் காப்பீடு, வருமான வரித் தடையின்மைச் சான்று என்று நீளும். கடைசிவரை அந்தக் காசை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். 12 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இருப்பாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தக் காசு. அது நாணயமே இல்லை. படத்தில் கம்பெனி பெயருக்குக் கீழே யூ, கே, எல் என்று மூன்று ஆங்கில எழுத்துகளும் அணா என்ற சொல்லும் தெரிகின்றன. அந்த மூன்று எழுத்துகளோடு கம்பெனி எந்தக் காசையும் அடிக்கவில்லை. இதே அச்சில் 1818 என்றும் 1839 என்றும் ஆண்டு போட்ட தகடுகள் கோயில் வாசல்களிலும் திருவிழாக் கடைகளிலும் பூஜைப் பொருளாக விற்பவை. நம் பகுதியில் கம்பெனி அடித்த உண்மையான செப்புக்காசு எப்படி இருக்கும் என்றால், 1803, 1808 ஆண்டுக் காசுகளில் கேடயம் ஒன்று, இரு பக்கமும் அதைப் பிடித்தபடி இரண்டு சிங்கங்கள். பத்துக் காசு, இருபது காசு என்று மதிப்பு இருக்கும். 1835-இல் நாட்டுக்கெல்லாம் பொதுவாகக் கொண்டுவந்த கால் அணாவிலும் அதே சிங்கங்கள்தான். சாமிக்கு அங்கே இடமில்லை.

கம்பெனி சாமி உருவமே போட்டதில்லையா என்று யாராவது உங்களிடம் வாதாடுவார்கள். போட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தரகர்கள் இந்த ஒற்றை உண்மையை வைத்துத்தான் பொய்யை விற்கிறார்கள். சென்னையில் கம்பெனி அடித்த மூன்று சாமி வராகனில் பெருமாள் இரு தேவியரோடு நிற்பார். நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் நட்சத்திரம். நம் மக்கள் சாமி இல்லாத பொன்னை நம்ப மாட்டார்கள் என்று தெரிந்து, விஜயநகர காலத்து வழக்கத்தையே கம்பெனி தொடர்ந்தது. ஆனால் இவை இரண்டும் பொன். எடை 3.4 கிராம் அளவில் இருக்கும், அகலம் சுண்டுவிரல் நகம் அளவு. ஆங்கில எழுத்து ஒன்று கூட இருக்காது, ஆண்டும் இருக்காது. உங்கள் கையில் இருப்பது உள்ளங்கையை அடைக்கும் செம்பு.

சாமியும் ஆங்கில எழுத்தும் சேர்ந்தே வந்த காசும் ஒன்று உண்டு. 1807 முதல் சில ஆண்டுகள் சென்னையில் அடித்த வெள்ளி அரை வராகனும் கால் வராகனும். ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள், ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் மதிப்பு. மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் பெருமாள், தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு. அரை வராகனை ஒரே ஒருமுறை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இருபது கிராமுக்கு மேல் கனக்கும் வெள்ளி, விளிம்பருகே தமிழ் எழுத்துகள் மணிமணியாக. அதைப் பார்த்த கண் இந்த 1818 தகட்டைப் பார்த்து ஒருநாளும் மயங்காது. அதிலும் ராமர் இல்லை, அனுமன் இல்லை, அணா என்ற சொல்லும் இல்லை. நம் பக்கத்தில் அன்று 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்றுதான் கணக்கு. ஆகவே கம்பெனி, சாமி, அணா மூன்றும் ஒரே காசில் சேர்ந்திருந்தால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்றையும் எச்சரிக்கிறேன். பணம் வராது என்று தெரிந்ததும் இதே கூட்டம் வேறு வேடத்தில் வரக்கூடும். உங்கள் காசில் இடி இறங்கிய சக்தி இருக்கிறது, அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்கணக்கில் போகும் என்பார்கள். வெள்ளை அங்கி போட்ட ஒருவரை விஞ்ஞானி என்று அழைத்து வருவார்கள். இரும்புத் தூள் தடவிய அரிசி, அடியில் மறைத்த காந்தம், இவ்வளவுதான் அந்த விஞ்ஞானம். வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்து, வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து இதில் அழிந்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் விடாதீர்கள்.

உள்ளூர்த் தரகர்களிடமும் கவனம் தேவை. யார் பார்க்கக் கேட்டாலும் காசை அவர் கையில் கொடுக்காதீர்கள். தட்டில் வைத்து, உங்கள் கண் முன்னால் காட்டுங்கள். உரசிப் பார்க்கிறேன் என்று அரத்தை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அசலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நகலைத் திருப்பித் தருவது இவர்களுக்கு ஒரு கணத்து வேலை.

புகார் விஷயத்தில் உங்களை அலைக்கழிக்கப் பார்ப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஏமாந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். பொருள் வாங்கியது புதுச்சேரியில், ஆள் இருப்பது தமிழ்நாட்டில், பணம் போனது வடக்கே எங்கோ ஒரு வங்கிக் கணக்குக்கு. இது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். அங்கிருந்து பஸ் ஏறி இன்னொரு நிலையம், அங்கும் அதே பதில். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம் கூட இல்லை. திருடனுக்கு எல்லை கிடையாது, திருட்டுக் கொடுத்தவருக்கு மட்டும் எப்படி எல்லை வந்தது என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இப்போது நீங்கள் கடைசி வரியில் தள்ளிவிட்ட அந்தச் சின்னக் காசுகளுக்கு வருகிறேன். உங்கள் படங்களில் என்னை உட்கார்ந்து பார்க்க வைத்தவை அவைதான்.

பெரிய தகட்டில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. வெற்றிலைத் தட்டில் தளதளவென்று கிடக்கிறது. செல்லத்துக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று விற்றவரோ அவருக்கு முன் விற்றவரோ போட்டு வைத்திருப்பார். சின்னக் காசுகள் அப்படியில்லை. சுண்ணாம்பு அறையின் அடியில், இறுகிக் கல்லாகிப்போன சுண்ணாம்புக்குள் பாதி புதைந்து கிடக்கின்றன. இந்தச் செல்லத்தை மடியில் வைத்து வெற்றிலை போட்ட யாரோ ஒருவர் சில்லறையை அங்கே போட்டு, மறந்தே போயிருக்கிறார். பிறகு கைமாறி, காயலான் கடைக்குப் போய், சாக்கில் விரிபட்டு உங்களிடம் வந்து சேரும்வரை யாரும் அதற்குள் விரல் விட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்பக்கம் மூன்று இதழாக விரிந்த பூ தெரிகிறதா? அது பிரெஞ்சு அரசர்களின் லில்லிப் பூ. மூன்றாவது படத்தில் அதே வகைக் காசின் மறுபக்கம். மூன்று வரியாகத் தமிழ் எழுத்து. ஒற்றுப் புள்ளியையோ நெட்டெழுத்தின் கொம்பையோ இன்றைய முறையில் தேடாதீர்கள். முதல் வரியில் ‘புது’ என்பது தெளிவாக இருக்கிறது, கடைசி வரியில் ‘ரி’. புதுச்சேரி என்றே எழுதியிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரெஞ்சுக்காரர்கள் நம் மக்கள் கையில் புழங்க அடித்த செப்புக்காசு அது. தூதூ என்று அதை அழைத்தார்கள். தங்கள் மொழியில் ஓர் எழுத்து கூட இல்லாமல், ஊர்ப் பெயரைத் தமிழில் மட்டும் போட்டு ஒரு ஐரோப்பிய அரசு காசு அடித்திருக்கிறது. உங்கள் ஊர்த் தேவனாம்பட்டினத்தில் 1690-இல் கோட்டையை வாங்கி உட்கார்ந்த ஆங்கிலேயருக்கும் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரருக்கும் நடுவில், வெற்றிலைக்கும் உப்புக்கும் கைமாறியது இந்தச் சின்னச் செம்புதான்.

விலை கேட்பீர்கள். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய் போகும். எழுத்து நன்றாக இருந்தால் சற்றுக் கூடுதல். லட்சம் எதிர்பார்த்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் இது மெய்யான பொருள்.

தயவு செய்து இனிமேல் புளி போடாதீர்கள். எலுமிச்சையும் வேண்டாம், பித்தளை துலக்கும் பொடியும் வேண்டாம். செப்புக்காசின் மேல் படிந்திருக்கும் அந்தக் கறுப்புத் தோல்தான் அதற்குக் கவசம். புளியின் அமிலம் அதைத் தின்றுவிட்டு, அடியில் இருக்கும் மெல்லிய எழுத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். நீங்கள் தேய்த்த காசு படத்தில் இளஞ்சிவப்பாக, முகம் கழுவியது போல் இருக்கிறது. அதில் பூவின் தண்டு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மற்ற இரண்டையும் காய்ச்சி வடித்த நீரில், பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே அந்த நீரில், சில நாள் ஊறவிடுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள். இளகிய சுண்ணாம்பை மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பினால் போதும். ஊசியோ கத்தியோ கிட்டே வரக்கூடாது. வராத சுண்ணாம்பு அப்படியே இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். நூறு வருடத்தைத் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வீட்டில் வைத்துக்கொள்ள நீங்கள் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டுக்காரர் வாங்குகிறார் என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அந்த ஆள் இவ்வளவு எளிதாக உங்களை நெருங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாதாரண மனிதர் ஒரு பழங்காசைக் கொண்டுபோய், இது என்ன என்று கேட்க ஓர் இடம் வேண்டும். நான் ஓர் அருங்காட்சியகத்தில் கேட்டபோது, மதிப்பீடு எங்கள் வேலை இல்லை என்றார்கள். மதிப்பு வேண்டாம் ஐயா, போலியா அசலா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். விண்ணப்பித்தேன், பதில் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, விஷயம் தெரிந்த ஒருவர். இவ்வளவு செய்தாலே போலி அட்டைக்காரர்களின் பிழைப்பில் பாதி போய்விடும்.

செல்லத்தைத் துலக்குவதற்கு முன் சுண்ணாம்பு அறையை இன்னொருமுறை வெளிச்சத்தில் பாருங்கள் அம்மா. உங்கள் நான்காவது படத்தில், இடது மூலையில் சுண்ணாம்பு வெடித்திருக்கும் இடத்தில், இன்னொரு காசின் விளிம்பு போல ஒரு வளைவு தெரிகிறது.