கரண்ட் ஒரு கம்பெனி, கேஸ் இன்னொரு கம்பெனி: ஸ்மார்ட் மீட்டர் கேள்வி பதில்

பிரிட்டனில் கரண்டையும் கேஸையும் ஒரே கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கார் சார்ஜ் போடுவதற்காகக் கரண்டை மட்டும் மாற்றியவர்கள், வாடகைக்கு வந்த வீட்டில் இரண்டும் ஏற்கெனவே பிரிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் என்று நம்மவர்களில் பலர் இந்த நிலையில் இருக்கிறார்கள். மீட்டர் பொருத்தும் வேலையில் இருப்பதால் எனக்கு இது பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஹாரோ): அண்ணா, எங்களுக்குக் கரண்டும் கேஸும் வேறு வேறு கம்பெனி. ஸ்மார்ட் மீட்டர் வைக்கலாமா? வைத்தால் இரண்டு டிஸ்ப்ளே வருமா?

தாராளமாக வைக்கலாம். டிஸ்ப்ளே, அதாவது எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் சின்னத் திரை, ஒன்றுதான்.

உங்கள் கரண்ட் மீட்டரோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குக் கம்யூனிகேஷன்ஸ் ஹப் என்று பெயர். கரண்ட் மீட்டர், கேஸ் மீட்டர், டிஸ்ப்ளே மூன்றும் இந்த ஹப்போடு ஜிக்பீ என்ற குறைந்த தூர ரேடியோ வழியாகப் பேசும். ஹப் அங்கிருந்து டிசிசி என்ற நாடு தழுவிய நெட்வொர்க்குக்குத் தகவலை அனுப்பும். உங்கள் வீட்டு வைஃபைக்கு இதில் வேலையே இல்லை. டிசிசி எல்லா சப்ளையர்களுக்கும் பொதுவானது. ஒரே தபால்காரர் இரண்டு முகவரிக்கும் கடிதம் கொண்டுபோவதுபோல, கேஸ் கணக்கு கேஸ் கம்பெனிக்கும் கரண்ட் கணக்கு கரண்ட் கம்பெனிக்கும் போய்ச் சேரும்.

இது ஸ்மெட்ஸ் 2 என்ற இரண்டாம் தலைமுறை மீட்டருக்குப் பொருந்தும். அதற்கு முந்திய ஸ்மெட்ஸ் 1 மீட்டர்கள் அந்தந்தக் கம்பெனியின் சொந்த ஏற்பாட்டில் ஓடியவை. கம்பெனி மாறினால் பல மீட்டர்கள் ஊமையாகிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றை 2019 முதல், வீட்டுக்கு ஆள் வராமல் தூரத்திலிருந்தே டிசிசிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் மீட்டர் இப்போது ஸ்மார்ட்டாக வேலை செய்கிறதா என்று, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி (அதே வீடு): அப்படியென்றால் யாரை முதலில் கூப்பிடுவது?

கரண்ட் கம்பெனியை. ஹப்புக்கு மின்சாரம் வேண்டும், கேஸ் மீட்டரோ பேட்டரியில் ஓடுவது. கேஸ் மீட்டரை முதலில் போடுவதாக இருந்தால் ஹப்புக்கு மின்சாரம் கொடுக்கத் தனி ஏற்பாடு செய்யவேண்டும், பல கம்பெனிகள் அதற்கு முன்வருவதில்லை. முதலில் வருகிறவர் ஹப்பையும் டிஸ்ப்ளேயையும் தருவார். இரண்டாவது வருகிறவர் தன் மீட்டரை அதே ஹப்பில் இணைத்துவிட்டுப் போவார்.

கேஸ் கம்பெனியிடம் நாள் குறிக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "வேறு சப்ளையர் போட்ட ஸ்மெட்ஸ் 2 ஹப் வீட்டில் இருக்கிறது, அதோடுதான் இணைக்கவேண்டும்." அன்றைக்கு டிஸ்ப்ளேயை சார்ஜ் போட்டுக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். அப்புறம், ஒரு முக்கியமான விஷயம்: பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் கடைசி எண்ணை போனில் படம் எடுத்துவிடுங்கள். புது மீட்டரின் முதல் எண்ணையும்தான். பின்னால் பில்லில் சண்டை வந்தால் அந்த இரண்டு படங்கள்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): இரண்டு கம்பெனி என்றால் ஸ்டாண்டிங் சார்ஜ் இரண்டு தடவை கட்ட வேண்டுமா?

இல்லை. ஸ்டாண்டிங் சார்ஜ் என்பது உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் நாளுக்கு நாள் சேரும் நிலையான கட்டணம். கரண்டுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று. ஒரே கம்பெனியில் இருந்தாலும் அப்படித்தான். எரிசக்தித் துறையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம்மின் விலை உச்சவரம்பும் இரண்டுக்கும் தனித்தனியாகத்தான் போடப்படுகிறது. சில கம்பெனிகள் இரண்டையும் சேர்த்து வாங்கினால் சிறிய தள்ளுபடி தரும், அதை மட்டும் கணக்கில் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (டூட்டிங்): சமைக்கும்போது கரண்ட் எண் உடனே ஏறுகிறது. கேஸ் மட்டும் அசையாமல் நிற்கிறது. பழுதா?

பழுதில்லை. கரண்ட் சுமார் 10 நொடிக்கு ஒருமுறை டிஸ்ப்ளேயில் புதுப்பிக்கப்படும். கேஸ் மீட்டர் பேட்டரியை மிச்சம் பிடிக்க அரை மணிக்கு ஒருமுறைதான் விழித்து ஹப்புக்கு எண்ணை அனுப்பும். நீங்கள் குழம்பை இறக்கிவைத்த பிறகுதான் அதற்கான கேஸ் டிஸ்ப்ளேயில் ஏறும். காலையில் எழுந்ததும் எதுவும் போடாமலே சில பென்ஸ் காட்டினால் பயப்படாதீர்கள், அது நள்ளிரவில் சேர்ந்த அன்றைய ஸ்டாண்டிங் சார்ஜ்.

கேள்வி (லெஸ்டர்): ஐயா, கேஸுக்கு ஸ்மார்ட் மீட்டர் வைத்த பிறகு பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. வீட்டில் எதுவும் மாறவில்லை. கரண்ட் கம்பெனி வேறு என்பதால் ஏதும் குழப்பமா?

கரண்ட் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மூன்று மடங்கு என்றதுமே நான் பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: பில்லில் உங்கள் மீட்டரை இம்பீரியல் என்று போட்டிருக்கிறார்களா, மெட்ரிக் என்றா?

பழைய மீட்டர்கள் பல, நூறு கன அடியை ஒரு அலகாக எண்ணின. இப்போது வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் கன மீட்டரில் எண்ணும். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். மீட்டரை மாற்றிவிட்டு, கம்பெனியின் கணினியில் பழைய வகையையே விட்டுவிட்டால், நீங்கள் எரித்த ஒவ்வொரு கன மீட்டரும் 2.83 ஆகப் பெருகிவிடும்.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த பில்லின் மீட்டர் எண்ணிலிருந்து போன பில்லின் எண்ணைக் கழியுங்கள். 100 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1.02264 ஆல் பெருக்கி, பில்லில் போட்டிருக்கும் கலோரிஃபிக் வேல்யூவால் (கேஸ் எவ்வளவு வெப்பம் தரும் என்ற அளவு) பெருக்கி, 3.6 ஆல் வகுக்க வேண்டும். அந்த வேல்யூ 39.5 என்றால் விடை ஏறக்குறைய 1,122 யூனிட். உங்கள் பில் அதே 100-க்கு 3,175 யூனிட் காட்டினால் தவறு அங்கேதான் இருக்கிறது.

மீட்டரின் முகப்பைப் படம் எடுங்கள். கன மீட்டரைக் குறிக்கும் சின்னமும் மீட்டரின் சீரியல் எண்ணும் தெரியவேண்டும். அதைக் கேஸ் கம்பெனிக்கு அனுப்பி, மீட்டர் மாற்றிய நாளிலிருந்து எல்லா பில்லையும் திருத்தச் சொல்லுங்கள். அதுவரை டைரக்ட் டெபிட்டை ஏற்றாமல் நிறுத்திவைக்கவும் கேளுங்கள். டிஸ்ப்ளே காட்டும் யூனிட்டுக்கும் பில்லுக்கும் சிறிய வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம், கலோரிஃபிக் வேல்யூ நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். மூன்று மடங்கு மட்டும் ஒருநாளும் அதனால் வராது.

கேள்வி (குரோய்டன்): கேஸை மட்டும் புதுக் கம்பெனிக்கு மாற்றினேன். டிஸ்ப்ளேயில் கேஸுக்குப் பழைய விலையே வருகிறது.

புதுக் கேஸ் கம்பெனிதான் தன் விலையை மீட்டருக்கு அனுப்பவேண்டும். சில வாரம் பொறுத்துப் பாருங்கள், மாறாவிட்டால் அவர்களிடம் கேளுங்கள். கரண்ட் கம்பெனியால் கேஸ் விலையைத் தொடவே முடியாது. பில் எப்படியும் புது விலையில்தான் வரும், டிஸ்ப்ளேயின் பவுண்டு கணக்கை அதுவரை நம்பாமல் யூனிட்டை மட்டும் பாருங்கள்.

கேள்வி (கோவென்ட்ரி): அண்ணா, கரண்ட் கொம்பனி வந்து ஹப்ப மாத்திட்டுப் போனவை. அண்டையில இருந்து எங்கட காஸ் டிஸ்ப்ளேயில இல்ல. காஸ் கொம்பனியக் கேட்டா கரண்ட் கொம்பனியக் கேளுங்கோ எண்டினம், அவை இவையக் கேளுங்கோ எண்டினம். என்ன செய்யிறது?

இரண்டு சப்ளையர் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான தலைவலி இது ஒன்றுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஹப் மாறும்போது, பழைய ஹப்போடு இணைந்திருந்த கேஸ் மீட்டரைப் புது ஹப்போடு மறுபடி சேர்க்கவேண்டும். கரண்ட் ஆள் தன் மீட்டரையும் டிஸ்ப்ளேயையும் சேர்த்துவிட்டுப் போயிருப்பார், கேஸ் மீட்டர் சேராமல் நின்றிருக்கும். முதலில் ஹப்பைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எஸ்டபிள்யூ, டபிள்யூஏஎன், எச்ஏஎன், ஜிஏஎஸ் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் சின்ன விளக்குகள் இருக்கும். 5 நொடிக்கு ஒருமுறை மெதுவாக மினுங்கினால் அந்த இணைப்பு சரி. டபிள்யூஏஎன் மினுங்கி, ஜிஏஎஸ் விளக்கு அணைந்திருந்தால் வெளியுலகத் தொடர்பு இருக்கிறது, கேஸ் மீட்டர்தான் விட்டுப்போயிருக்கிறது. இதைச் சின்ன வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதை வைத்துக்கொண்டு கேஸ் கம்பெனியிடம் போங்கள். கேஸ் மீட்டருக்கு அவர்கள்தான் பொறுப்பு. "ஹப் இன்ன தேதியில் மாற்றப்பட்டது, ஜிஏஎஸ் விளக்கு அணைந்திருக்கிறது, மீட்டரைப் புது ஹப்போடு இணைத்துத் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். ஹப் மாற்றிய தேதி தெரியாவிட்டால் கரண்ட் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதே மின்னஞ்சலில் "இதைப் புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்ற வரியும் இருக்கவேண்டும். வெறும் விசாரிப்பாக நின்றுவிட்டால் நாள் கணக்கு தொடங்காது. புகாராகப் பதிவாகி 8 வாரத்தில் தீரவில்லை என்றாலோ, இதற்கு மேல் எங்களால் முடியாது என்று அவர்கள் கடிதம் தந்தாலோ, எனர்ஜி ஓம்புட்ஸ்மன் என்ற அமைப்புக்குக் கொண்டுபோகலாம். உங்களுக்குச் செலவில்லை, அவர்கள் சொல்வதைக் கம்பெனி ஏற்கவேண்டும்.

கேஸ் மீட்டர் வாசலுக்கு வெளியே தள்ளி ஒரு பெட்டியிலோ, தடித்த சுவருக்கு அப்பாலோ இருந்தால் சிக்னலே எட்டாமல் போவதும் உண்டு. அதற்கு 868 மெகாஹெர்ட்ஸிலும் பேசக்கூடிய டூயல் பேண்ட் ஹப் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இதெல்லாம் சரியாகும் வரை மாதம் ஒருமுறை கேஸ் எண்ணை நீங்களே பார்த்து அனுப்புங்கள். தோராய பில்லில் கடன் சேரவிடாதீர்கள். கம்பெனியின் தவறால் பில் வராமல் போனால், 12 மாதத்துக்கு முந்திய உபயோகத்துக்கு அவர்கள் பணம் கேட்க முடியாது. ஆனால் அந்த 12 மாதமே பெரிய தொகையாக வந்து நிற்கும்.

கேள்வி (வெம்ப்ளி): ஒரு கம்பெனி என்னுடைய இன்னொரு கணக்கைப் பார்க்குமா?

பார்க்க முடியாது. கேஸ் கம்பெனிக்குக் கேஸ் மட்டும், கரண்ட் கம்பெனிக்குக் கரண்ட் மட்டும். மீட்டருக்குள் உங்கள் பெயரோ வங்கி விவரமோ கிடையாது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எண்ணை எடுக்கலாம் என்பதையும் இரண்டு கம்பெனியிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். கரண்டை மட்டும் இரவு மலிவு டாரிஃபுக்கு மாற்றினால் கேஸுக்குப் பாதிப்பு வருமா?

வராது. இரண்டாகப் பிரிப்பதற்கு இதைவிட நல்ல காரணமும் இல்லை. கரண்ட் மீட்டர் அரை மணி கணக்கை ஒழுங்காக அனுப்பவேண்டும், அதற்கு நீங்கள் சம்மதிக்கவும் வேண்டும், அவ்வளவுதான். கூரையில் சோலார் இருந்தால் மிச்சக் கரண்டை மூன்றாவது கம்பெனிக்குக்கூட விற்கலாம், விற்பதற்குத் தனி எண் தருவார்கள். இப்போதைய ஒப்பந்தத்தில் வெளியேறும் கட்டணம் உண்டா என்று பாருங்கள். முடிவுத் தேதிக்கு 49 நாள் முன்பிருந்து அதை வாங்கக்கூடாது என்பது விதி.

கேள்வி (லூயிஷம்): அம்மா தனியாக இருக்கிறார். இரண்டும் ப்ரீபே (முன்பணம் போட்டு எரிப்பது), இரண்டும் வேறு கம்பெனி. டாப்-அப் செய்தும் கேஸ் வரவில்லை என்று குளிரில் உட்கார்ந்திருந்தார்.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. கரண்ட் மீட்டருக்குப் போட்ட பணம் கேஸுக்குப் போகாது, இரண்டும் தனித்தனி இருப்பு. ஆப்பில் எந்தக் கம்பெனிக்குப் போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். சரியாகப் போட்டும் ஏறவில்லை என்றால் ரசீதில் இருக்கும் 20 இலக்க எண்ணை மீட்டரில் கையால் அழுத்தலாம்.

இருப்பு ஏறிய பிறகும் கேஸ் தானாகத் திறக்காது. ஆள் இல்லாத நேரத்தில் திறந்த அடுப்பில் கேஸ் கசியக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அடுப்பும் பாய்லரும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேஸ் மீட்டரின் திரை சொல்லும் பட்டனை அங்கேயே அழுத்தவேண்டும். அடுத்த தடவை போகும்போது அம்மாவை மீட்டர் முன்னால் நிறுத்தி ஒருமுறை செய்துகாட்டுங்கள். குனிந்து எட்ட முடியாத இடத்தில் மீட்டர் இருந்தால் அதைக் கேஸ் கம்பெனியிடம் சொல்லுங்கள். ப்ரீபே அவருக்குப் பாதுகாப்பாகவும் எளிதாகவும் இல்லை என்றால் வேறு வழி செய்துதர அவர்களுக்குக் கடமை இருக்கிறது.

முதியவர்கள் போன்றோருக்குக் கூடுதல் உதவி தரும் முன்னுரிமைப் பதிவேட்டில் அம்மாவின் பெயரை இரண்டு கம்பெனியிலும் சேர்க்கச் சொல்லுங்கள். வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற குளிர்காலத் தள்ளுபடி 150 பவுண்டு அவருக்கு உரியதானால் அது கரண்ட் கணக்கில்தான் வரும். அதனால் கரண்ட் கம்பெனியை மாற்றுவதற்கு முன், புதியவர் அந்தத் திட்டத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி (பெல்ஃபாஸ்ட்): எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

இல்லை. நான் சொன்னது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு மட்டும். வட அயர்லாந்தின் ஏற்பாடு தனி.

கேள்வி (நியூ மால்டன்): அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். டிஸ்ப்ளேயை எடுத்துப் போகலாமா?

விட்டுவிட்டுப் போங்கள், அது அந்த வீட்டு ஹப்போடு இணைந்தது, புது வீட்டில் வேலை செய்யாது. சாவி கொடுக்கும் நாளில் இரண்டு மீட்டரையும் படம் எடுத்து இரண்டு கம்பெனிக்கும் அனுப்புங்கள். நினைவாக ஒரு கம்பெனிக்குச் சொல்லிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. புது வீட்டில் கேஸ் யார் என்பதை ஃபைண்ட் மை சப்ளையர் தளத்தில் பார்க்கலாம். கரண்ட் யார் என்பதை அந்தப் பகுதியின் மின் விநியோக நிறுவனம் சொல்லும். உள்ளே போன முதல் நாளே அங்கும் இரண்டு மீட்டரையும் படம் எடுத்துவிடுங்கள்.