27 வருஷத்தில் 8 படம்: டைரக்டர் ஆக நினைக்கும் மகளின் அப்பாவுக்கு

வணக்கம் சார்,

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். டல்லாஸில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை கண்முன்னால் வந்தது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொருளாதாரம் படிக்கும் மகள், லீவுக்கு வந்த இடத்தில் ரசம் ஊற்றிக்கொண்டே "மேஜரை (முக்கியப் பாடத்தை) மாத்தப் போறேன்ப்பா, சினிமா டைரக்டர் ஆகணும்" என்றிருக்கிறாள். அதுவும் சூப்பர் ஹீரோ படம் இல்லையாம். சிரிப்பும் சங்கடமும் ஒன்றாகக் கலந்த சின்னப் படங்கள், ஹாலிவுட் டைரக்டர் அலெக்சாண்டர் பெயின் எடுப்பது மாதிரி.

அன்றிரவே அந்தப் பெயரைத் தேடியிருக்கிறீர்கள். இரண்டு ஆஸ்கர் என்று பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி. அடுத்த நிமிடமே "இவர் ஒருத்தர் ஜெயிச்சுட்டார், மத்தவங்க கதி?" என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அவருடைய ஆஸ்கரை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எத்தனை வருஷம் ஓடியது, அந்த வருஷங்களில் சோற்றுக்கு என்ன வழி என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவையான கணக்கு அதுதான். நீங்கள் கேட்ட ஃபிலிம் ஸ்கூல் ராங்குக்கும் கடனுக்கும் பிறகு வருகிறேன்.

பெயின் பிறந்தது 1961இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில். கிரேக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பாப்பாடோபுலோஸ் என்ற குடும்பப் பெயரைத் தாத்தா காலத்தில் பெயின் என்று சுருக்கிக்கொண்டார்கள். (நம் ஆட்கள் இங்கே வந்து பெயரைச் சுருக்கிக்கொள்ளும் அதே கதை.) குடும்பத் தொழில் உணவகம். வாடிக்கையாகச் சரக்கு வாங்கியதற்காக க்ராஃப்ட் என்ற உணவுப்பொருள் நிறுவனம் அப்பாவுக்கு ஒரு சூப்பர் 8 ப்ரொஜெக்டர் பரிசளித்தது. அது பையனுக்கு 14 வயது இருக்கும்போது அவன் கைக்கு வந்தது.

அப்புறம் ஸ்டான்ஃபோர்டு. அங்கே படித்தது சினிமா இல்லை, வரலாறும் ஸ்பானிஷும். ஸ்பெயினில் சலமான்கா பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் படித்தார், கொலம்பியா நாட்டில் சில மாதம் தங்கினார். சினிமா படிப்பு என்று உட்கார்ந்தது அதற்கப்புறம்தான், லாஸ் ஏஞ்சலிஸில் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில். அந்த முதுகலைப் பட்டம் 1990இல் கிடைத்தபோது வயது 29. முதல் முழுநீளப் படமான 'சிட்டிசன் ரூத்' வெளிவந்தது 1996இல். அப்போது 35.

உங்கள் மகளுக்கு இப்போது 20 என்று எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாருக்கும் 15 வருஷம் ஆகும் என்று பயமுறுத்தவில்லை. சிலருக்குச் சீக்கிரம் நடக்கும், பலருக்கு நடக்கவே நடக்காது. ஆனால் பெற்றோர்கள் என்னிடம் "நாலு வருஷம் படிச்சா எந்த வேலை, எவ்வளவு சம்பளம்" என்று கேட்கும்போது இந்தத் தொழிலுக்கு என்னிடம் பதில் இல்லை. நர்சிங்குக்கு உண்டு, அக்கவுண்டிங்குக்கு உண்டு. இங்கே பட்டம் வாங்கியதால் யாரும் கூப்பிட்டு வேலை தருவதில்லை. எழுதிய ஸ்கிரிப்டையும் எடுத்த குறும்படத்தையும் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பெயின் பட்டத்துக்காக எடுத்தது சுமார் 50 நிமிடப் படம். அது விழாக்களில் கவனிக்கப்பட்டு, யுனிவர்சல் ஸ்டுடியோ அவரைக் கூப்பிட்டு ஒரு கதை எழுதச் சொன்னது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மனிதனைப் பற்றி எழுதிக் கொடுத்தார். ஸ்டுடியோ வேண்டாம் என்றுவிட்டது.

அந்த ஸ்கிரிப்ட் அப்புறம் என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மகள் இதில் என்ன பார்க்கிறாள் என்று உங்களுக்குப் புரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சுமார் பத்து வருஷம் கழித்து அவரும் கூட்டாளி ஜிம் டெய்லரும் ஒரு நாவலைத் திரைக்கதை ஆக்கினார்கள். நாவலின் நாயகன் நியூயார்க் வக்கீல். இவர்கள் அவரை ஒமாஹாவுக்குக் கொண்டுவந்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் போடுபவர் ஆக்கினார்கள். பெயின் வளர்ந்த ஊர், அவருக்குப் பழகிய மனிதர்கள். யுனிவர்சல் வேண்டாம் என்று சொன்ன பழைய ஸ்கிரிப்டின் பகுதிகளும் இதில் வந்து உட்கார்ந்தன. 2002இல் அது 'அபவுட் ஷ்மிட்' படம் ஆனது. நடித்தவர் ஜாக் நிக்கல்சன்.

தொடக்கக் காட்சியைப் பாருங்கள். ஓய்வுபெறும் நாள். அறை காலி, சாமான் எல்லாம் பெட்டியில் கட்டியாகிவிட்டது. கோட்டு சூட்டோடு மனுஷன் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முள் சரியாக 5 மணியைத் தொட்டதும் எழுந்து போகிறார். ஒரு ஜோக் கிடையாது, ஆனாலும் சிரிப்பு வரும். கொஞ்ச நாள் கழித்து, ஏதாவது சந்தேகம் இருந்தால் சொல்லித் தருகிறேன் என்று பழைய ஆபீஸுக்குப் போகிறார். அவர் இடத்துக்கு வந்த இளைஞன் மரியாதையாகப் பேசி அனுப்பிவைக்கிறான். திரும்பும் வழியில் பார்த்தால், அவர் பத்திரமாக விட்டுவந்த ஃபைல் பெட்டிகள் குப்பையோடு கிடக்கின்றன.

அப்புறம் அந்தக் கடிதங்கள். தான்சானியாவில் ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு மாதம் 22 டாலர் உதவித்தொகை அனுப்ப ஒப்புக்கொள்கிறார். கூடவே ஒரு கடிதமும் எழுதச் சொல்கிறார்கள். இவர் அந்தக் குழந்தையிடம் தன் மனைவி மேல் உள்ள குறை, தனக்குப் பிறகு வேலைக்கு வந்தவன் மேல் உள்ள எரிச்சல், எல்லாவற்றையும் கொட்டுகிறார். வீட்டில் ஒருவரிடமும் பேசாத மனுஷன்!

உங்கள் மகள் காமெடி-டிராமா என்று சொல்வது இதைத்தான். இந்த வகைப் படத்துக்குப் பெரிய கேமராவோ செட்டோ முக்கியம் இல்லை. மனிதர்களை உற்றுப் பார்க்கும் கண்ணும் அதை எழுதத் தெரிந்த கையும் வேண்டும். அதனால்தான் மேஜரை அவசரமாக மாற்ற வேண்டாம் என்கிறேன். பொருளாதாரம் அப்படியே இருக்கட்டும். திரைக்கதை எழுதும் வகுப்பு ஒன்றிரண்டு கூட எடுத்துக்கொள்ளட்டும். பெயினுக்கு வரலாறும் ஸ்பானிஷும் வீணாகவில்லை என்றால் இவளுக்குப் பொருளாதாரம் ஏன் வீணாகப் போகிறது? சொல்லப்போனால், சம்பளமும் கடனும் வாழ்க்கையை எப்படி ஆட்டிவைக்கிறது என்று தெரிந்த கதாசிரியர்கள் ரொம்பக் குறைவு.

சரி, காசு விஷயம். 1996 முதல் 2023 வரை பெயின் எடுத்த முழுநீளப் படங்கள் எட்டு. 1996, 1999, 2002, 2004, 2011, 2013, 2017, 2023. முதல் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் 3 லட்சம் டாலர்கூட வசூலிக்கவில்லை. 'எலெக்‌ஷன்' சுமாராகத்தான் போனது, ஆனால் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்தது. 2004இல் 'சைட்வேஸ்' உலகம் முழுக்க 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கரையும் வாங்கியது. இனிமேல் வருஷத்துக்கு ஒரு படம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அடுத்த படம் 'தி டிசெண்டன்ட்ஸ்' வர ஏழு வருஷம் ஆனது. நடுவே அவரும் டெய்லரும் 'டவுன்சைசிங்' ஸ்கிரிப்டோடு பல வருஷம் மல்லுக்கட்டினார்கள். பணம் போட ஆள் கிடைப்பதே பெரும்பாடு. கடைசியில் 2017இல் அது வந்து, போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. மறுபடி ஆறு வருஷம். இந்தக் கடைசி இரண்டும் நடந்தது ஏற்கெனவே இரண்டு ஆஸ்கர் வாங்கிய மனிதருக்கு, சார்.

அப்படியானால் நடுவில் எப்படிப் பிழைத்தார்? 'ஜுராசிக் பார்க்' மூன்றாம் படத்தின் திரைக்கதையில் பெயின், டெய்லர் பெயர்களும் இருக்கின்றன. 2007இல் வந்த ஆடம் சாண்ட்லர் நகைச்சுவைப் படம் ஒன்றிலும் இருக்கின்றன. டைனோசருக்கும் ஒமாஹா பெரியவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஹாலிவுட்டில் அடுத்தவர் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதிக் கொடுப்பது ஒரு முழுத் தொழில். டைரக்டர் என்ற பட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சம்பளம் இதுதான். எழுதத் தெரிந்தவருக்குப் படம் இல்லாத வருஷத்திலும் வேலை உண்டு. எடுக்க மட்டும் தெரிந்தவருக்கு அவ்வளவு எளிது இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. பெயினின் 2023 படமான 'தி ஹோல்டோவர்ஸ்' எழுதிய டேவிட் ஹெமிங்சன் பல வருஷம் டிவி தொடர்களுக்கு எழுதியவர். ஹாஸ்டல் பள்ளியைக் களமாக வைத்து அவர் எழுதிய பைலட் ஸ்கிரிப்ட் (டிவி தொடரின் முதல் எபிசோடு) பெயின் கண்ணில் பட்டுத்தான் இந்த வாய்ப்பு வந்தது. முதல் சினிமாவுக்கே ஆஸ்கர் பரிந்துரை. உங்களுக்கு மாதச் சம்பளம் மாதிரி ஏதாவது காதில் விழ வேண்டும் என்றால், தொடருக்குப் பல எழுத்தாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் டிவி எழுத்தாளர் அறைதான் அதற்குக் கொஞ்சமாவது கிட்டத்தில் வரும். அதுவும் உறுதி இல்லை. 2023இல் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

ஜிம் டெய்லரைப் பற்றி மகளிடம் தனியாகச் சொல்லுங்கள். இருவரும் லாஸ் ஏஞ்சலிஸில் அறைத்தோழர்கள். எழுதும்போது ஒரே திரையில் இரண்டு கீபோர்டை மாட்டிக்கொண்டு உட்காருவார்களாம். ஒருவர் அடித்த வரியை மற்றவர் அங்கேயே திருத்தலாம். எட்டில் ஐந்து படம் அப்படித்தான் எழுதப்பட்டது. ஃபிலிம் ஸ்கூல் எந்த ராங்க் என்று கேட்கிறீர்கள். ராங்க் இருக்கட்டும், அங்கே இவளுக்கு ஒரு ஜிம் டெய்லர் கிடைப்பாளா என்று யோசியுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கடன். இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்திடம், பேர்பெற்ற தனியார் ஃபிலிம் ஸ்கூல், கடன் வாங்கியாவது சேருங்கள் என்றேன். பையன் திறமைசாலி, இன்றும் எழுதுகிறான். ஆனால் கடன் தவணைக்காகச் சேர்ந்த வேலையை விடவே முடியவில்லை, அந்த வேலை எழுத நேரம் விடவில்லை. அதிலிருந்து யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை. இப்போது விதியும் மாறிவிட்டது. 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவர்களுக்கு, மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர் வரைதான். மிச்சத்துக்குத் தனியார் வங்கி என்றால் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். வீட்டை அடமானம் வைக்கும் எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

நீங்கள் கொடுக்கக்கூடியது வேறு. 26 வயது வரை அவள் உங்கள் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. பட்டம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸில் தங்க இரண்டு வருஷ வாடகையில் பாதி உங்கள் பங்கு என்று பேசிக்கொள்ளுங்கள், கெடு தேதியோடு. மீதிக்கு அவள் வேலை பார்க்கட்டும். தயாரிப்பு நிறுவனங்களில் வரும் ஸ்கிரிப்டுகளைப் படித்து, கதைச் சுருக்கமும் அபிப்பிராயமும் இரண்டு மூன்று பக்கத்தில் எழுதும் வேலைக்குக் கவரேஜ் என்று பெயர். கடைசியில் எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு வரி. காசு குறைவு. ஆனால் நூறு மோசமான ஸ்கிரிப்ட் படித்தவளுக்குத் தன் ஸ்கிரிப்டில் என்ன கோளாறு என்று தானே தெரிந்துவிடும். ஃபிலிம் ஸ்கூல் அதற்கு அப்புறம், 24, 25 வயதில் யோசிக்கலாம். யூசிஎல்ஏ மாதிரி அரசுப் பல்கலைக்கழகம் என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் கலிஃபோர்னியாவில் குடியிருந்த சான்று கட்டணத்தில் நன்றாகவே உதவும்.

அதற்கு முன், இந்த செமஸ்டர் முடிவதற்குள் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே, அவளுக்குத் தெரிந்த மனிதர்களை வைத்து ஒரு கதை. பெயின் முதல் மூன்று படத்தையும் பெரும்பாலும் ஒமாஹாவை ஒட்டியே எடுத்தார். இந்தியக் கடையில் கொத்தமல்லிக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மாமா, கோயில் பார்க்கிங்கில் நடக்கும் சண்டை, எது வேண்டுமானாலும் சரி. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். பத்துப் பக்கம் போதும்.

எழுதியதும் எனக்கு அனுப்பட்டும், படித்துவிட்டு அவளோடு நானே பேசுகிறேன். உங்களுக்குக் காட்டக் கூச்சப்பட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். காட்டினாள் என்றால், அதில் மின்னஞ்சலில் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு அப்பா வந்தாலும் வருவார். கோபித்துக்கொள்ளாதீர்கள் சார்.