பறவை பார்ப்பவர்கள் பேசும் 'லைஃபர்', 'டிப்', 'எல்பிஜே' எல்லாம் என்ன?

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த புதிதில் இவை புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கும் பறவையினம்தான் லைஃபர். தேடிப் போய் பார்க்க முடியாமல் திரும்பினால் அது டிப். இங்கிலாந்துப் பறவை ஆர்வலர்களிடமிருந்து வந்த பேச்சு. எல்பிஜே என்பது 'லிட்டில் பிரவுன் ஜாப்' என்பதன் சுருக்கம். நெட்டைக்காலி, கதிர்க்குருவி போல, பழுப்பாக, சிறிதாக, சட்டென்று இனம் சொல்ல முடியாதவற்றை அப்படிச் சொல்வார்கள்.

ஆனால் என்னை மயக்கியவை நண்பர்கள் சொல்லித்தந்த ஊர்ப்பெயர்கள்தான். நான் செம்போத்து என்றால் யாழ்ப்பாணத்து நண்பர் செண்பகம் என்பார். இரண்டும் ஒரே பறவை: கரிய உடல், செங்கல் நிறச் சிறகு, சிவந்த கண்.

அதைவிட அழகானது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கொண்டு, குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வலசை வரும். புதருக்கடியில் சருகைக் கிளறி இரை தேடுவதால் கண்ணில் படுவது அரிது. விடியலிலும் அந்தியிலும், ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பெயர் வைத்தவர் பறவையைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம் இருக்கும்! ஆங்கிலத்தில் இது 'பிட்டா'. அதுவும் நம் பக்கத்துச் சொல்தான். தெலுங்கில் பிட்ட என்றால் சிறு பறவை.

குழுவில் யாராவது புதுப்பெயர் சொன்னால் எந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேட்டு, பெயரோடு ஊரையும் குறித்து வையுங்கள். ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு பறவைகளுக்கு இருக்கும்.